ராணி போன பிறகு

அரசு மாறினால் சட்டமும் கூடவே மாறிவிடும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி மாறினால் குடித்தனம் நடத்த முடியாது. 1950 ஜனவரி 26-ஆம் தேதி காலையில் பழைய சட்டங்கள் யாவும் செத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் நாள் எழுதிய கிரயப் பத்திரத்துக்கு மதிப்பு இராது. திருடனைப் பிடிக்கப் போலீஸ்காரருக்கு அதிகாரம் இராது.

ஆகவே, நமது அரசியல் சட்டத்தின் 372-ஆம் பிரிவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முன்பிருந்த சட்டங்கள், உரிய சபை மாற்றும் வரையில் நீடிக்கும். அவற்றைப் புதிய ஆட்சிக்குப் பொருந்தும்படி செப்பனிட ஜனாதிபதி உத்தரவிடலாம். அந்த வருஷமே உத்தரவு பிறந்தது. 'மாகாண சர்க்கார்' என்றிருந்த இடங்களில் 'ராஜ்ய சர்க்கார்' வந்து உட்கார்ந்தது.

கதை எழுதும் எனக்கு இந்த வேலை புதிதல்ல. ஆனால், கதாநாயகனுக்கு வேறு பெயர் சூட்டிவிட்டால் கதையே மாறிவிடாது என்பதையும் நான் அறிவேன்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவைப் பாருங்கள். 1870-இல் நுழைந்த ராஜத்துரோகப் பிரிவு அது. 1908-இல் திலகரையும் வ. உ. சிதம்பரம் பிள்ளையையும், 1922-இல் காந்திஜியையும் சிறைக்கு அனுப்பியது. விக்டோரியா மகாராணி 1901-இலேயே காலமாகிவிட்டார். 'மகாராணியார்' என்ற சொல் அந்தப் பிரிவை விட்டு வெளியேற 1950 ஆயிற்று. ராணி போனார், பிரிவு போகவில்லை. ராஜா இல்லாத தேசத்தில் ராஜத்துரோகம் மட்டும் குடியிருந்தது!

ஏன்? கலகத்தை அடக்க எந்த அரசுக்கும் ஓர் ஆயுதம் வேண்டும் என்று சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அரசின் மீது வெறுப்பு ஊட்டுவதே குற்றம் என்ற வாசகம், அந்நியன் தன் பிரஜைகளுக்கு எழுதியது. ஓட்டுப் போட்டு அரசை அமைக்கும் ஜனங்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?

பேனா செய்யாததை நீதிமன்றம் ஓரளவு செய்தது. கேதார்நாத் சிங் வழக்கில் 1962-இல் சுப்ரீம் கோர்ட், பலாத்காரத்தைத் தூண்டினால்தான் குற்றம்; சர்க்காரைக் கண்டித்துப் பேசுவது மட்டும் குற்றமாகாது என்று வரம்பு கட்டியது. 2022-இல் அதே நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி பழைய தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதை வந்தது. ராஜத்துரோகம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால், தேசத்தின் ஒற்றுமைக்கு ஆபத்து விளைவிப்போரைத் தண்டிக்க 152-ஆம் பிரிவு இருக்கிறது.

பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வரி வரியாகப் படித்துப் பார்க்கவேண்டியது, வாசகரே, நம்முடைய வேலை.