வயசைப் பார்த்தார்கள், உடம்பைப் பார்க்கவில்லை

அந்தக் காலத்தில் ஆலங்குளம் பக்கத்துக் கிழவிகளுக்குச் சர்க்கார் பணம் என்றால் தபால்காரர் கொண்டுவரும் மணியார்டர்தான். நம் விருதுநகர்க்காரர் காமராஜர் முதல்வராக இருந்த 1962 ஏப்ரலில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். சொத்து உண்டா, கஞ்சி ஊற்ற ஆண்பிள்ளை உண்டா என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? வயசுச் சான்றுக்கு அரசு டாக்டரிடம் அனுப்புவார்கள். அவரும் ஆளைப் பார்த்து ஒரு வயசைக் குத்துமதிப்பாக எழுதிக் கொடுப்பார். டாக்டர் முன்னால் நின்றும், அந்த உடம்பில் சதை எவ்வளவு மிச்சம் என்று யாரும் கேட்டதில்லை.

நான் இந்த வட்டாரத்தில் நர்சாக இருந்தவள். என் கையிலிருந்த தராசு பிள்ளைகளுக்கானது. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தது. மூன்று வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாசாமாசம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்து உருண்டை கொடுப்பதுதான் அதன் சூட்சுமம். எடை பார்த்துச் சோறு போடும் அந்த யோசனை கிழடுகள் பக்கம் வரவே இல்லை.

சோறு மட்டும் வந்தது. 1983 ஜனவரியில் எம்.ஜி.ஆர். பிள்ளைகளுக்கான சத்துணவைப் பென்ஷன் வாங்கும் முதியோருக்கும் நீட்டித்தார். பிற்பாடு, மையத்தில் சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ என்று ஆனது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேட்டி, சேலை. குறை சொல்ல மாட்டேன், அந்தச் சோற்றில் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் தூக்குச்சட்டியில் வாங்கிப்போன சோற்றில் பாதி பேரப்பிள்ளைக்குப் போனது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை.

ஊருக்கென்று ஒரு சோதனை இருந்தது. ரவிக்கை தொளதொளத்தால், வளையல் முழங்கைவரை ஏறினால், அரைஞாண் கயிறு இறங்கினால் "ஆள் பாதியாயிட்டாளே" என்பார்கள். அதையும் சொல்வது பொங்கலுக்கு வந்த மகள்தான். தினமும் பார்க்கிறவர் கண்ணில் படாது.

பிரான்சில் துலூஸ் நகரத்து மருத்துவர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் முதியோரின் ஊட்டக்குறைவைக் கண்டறியவென்றே 18 கேள்விகள் வகுத்தார்கள். மொத்தம் 30 மதிப்பெண். 17க்குக் கீழே போனால் ஊட்டக்குறைவு. 2001இல் அதையே ஆறு கேள்வியாகச் சுருக்கினார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. கூன் விழுந்தவருக்கு உயரம் எப்படி அளப்பது? 2009இல் அதற்கும் வழி வந்தது: எடையும் உயரமும் எடுக்க முடியாவிட்டால் கெண்டைக்காலை அளந்தால் போதும். 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும்.

தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியே வயசான ஒரு பாட்டியின் காலில் டேப்பைச் சுற்றினேன்.

"என்ன நர்சம்மா, காலுக்குச் சட்டை தைக்கப் போறீகளா?"

டேப் 27 காட்டியது. "மூணு மாசமாச் சாப்பாடு குறைஞ்சிருக்கா பாட்டி?"

"நான் என்னைக்கு நெறையத் தின்னேன், இப்பக் குறைய?"

அந்த ஆறில் ஒன்றான இந்தக் கேள்விக்கு, சாப்பாடு குறையவில்லை என்று அவள் முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள்! வயிறாரச் சாப்பிட்டுப் பழகியவருக்கு எழுதிய கேள்வி அது. அதனால் எங்கள் ஊரில் நான் கேள்வியைவிட டேப்பைத்தான் நம்புவேன்.

2017-18இல் நாடு முழுக்க முதியோரிடம் நடத்திய ஆய்வில், 60 வயது தாண்டியவர்களில் 27 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வருகிற பெண்கள் கெட்டிக்காரிகள். அவர்கள் பையில் ஓர் இஞ்சு டேப்பும் இருந்தால், மாத்திரை கொடுக்கிற நேரத்திலேயே காலையும் அளந்துவிடலாம்.