காற்றும் எண்ணெயும் ஒரு நுகத்தில்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருத்தேர் நிலையை விட்டுப் புறப்படுகையில், மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றில் தேர்ச்சீலைகள் படபடக்கும். இளமையில் அக்காற்றைத் திருவிழாவின் துணையாக மட்டுமே நான் அறிந்திருந்தேன். அண்டை ஊராகிய இராஜபாளையத்தின் நூற்கதிர்களையும் காற்று சுழற்றும் என்று பின்னரே அறிந்தேன்.

1936-ஆம் ஆண்டில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவ்வூரில் நூற்பாலை ஒன்றை நிறுவினார். ஆலைகள் பெருகின, மின்சாரத் தேவையும் பெருகிற்று. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதற் காற்றாலைத் தொகுதி எழுந்தது. பின்னர் இராஜபாளையத்தார் உள்ளிட்ட நூற்பாலையினர், முப்பந்தல் முதலிய இடங்களில் சொந்தக் காற்றாலைகளை அமைத்தனர். அவற்றின் மின்சாரம் மின்வாரியக் கம்பிகளிற் சேரும். ஆலை செலவிட்ட கணக்கில் அது கழிக்கப்படும். காற்று ஓய்ந்த நாளில் அனல் மின்சாரம் கைகொடுக்கும். பழையதோடு புதியதைப் பூட்டிய முறை இது.

இதே முறையை மேலைநாட்டார் கடலிலும் கையாண்டனர். கடல் நடுவே நிற்கும் எண்ணெய் மேடைகளுக்கு, எண்ணெயை இறைக்கவும் வாயுவை அழுத்திச் செலுத்தவும் மின்சாரம் வேண்டும். அதற்காகத் தாம் எடுக்கும் வாயுவில் ஒரு பகுதியை அங்கேயே எரிப்பதால் கரியமில வாயு வானிற் கலக்கிறது. 2007-இல் ஸ்காட்லாந்தை அடுத்த பியாட்ரிஸ் எண்ணெய் வயலில், தலா 5 மெகாவாட் திறனுள்ள இரு காற்றாலைகள் நிறுவப்பெற்று மேடையுடன் இணைக்கப்பட்டன. 2023-இல் நார்வே நாடு, கரையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், 11 மிதக்கும் காற்றாலைகள் கொண்ட ஹைவிண்ட் தாம்பென் தொகுதியைத் திறந்துவைத்தது. அதன் திறன் 88 மெகாவாட். ஐந்து மேடைகளின் மின்தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது நிறைவு செய்யும் என்று கணக்கிட்டனர். காற்று தளரும்போது வாயுப் பொறிகள் ஈடுசெய்யும்.

மாணவர்களே, இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இவ்வாறு குறைவது எண்ணெயை எடுக்கும்போது எழும் புகையே. அவ்வெண்ணெய் கரை சேர்ந்து எரியும்போது எழும் புகை அதனினும் பன்மடங்கு பெரிது; அது குறைவதில்லை. மிச்சமாகும் வாயுவும் விற்பனைக்குச் சென்றால் வேறோரிடத்தில் எரியவே செய்யும். ஆயினும் ஆழ்கடலில் காற்றாலையை மிதக்கவிடும் தொழில்நுட்பம் இம்முயற்சியால் வளர்ந்தது. எண்ணெய் வற்றிய பின்னும் அது பயன்படும்.

வடம் பிடிப்போர் தேரை நகர்த்துவர். சக்கரத்தடியில் கட்டை இடுவோரே அதைத் தெருமுனையில் திருப்புவர். காற்றாலை நமக்குக் கிடைத்த வடம். தேரைத் திருப்பும் பொறுப்பு உங்கள் தலைமுறையைச் சேர்ந்தது.