இரத்தம் எங்கிருந்து வருகிறது? அந்தமான் தீவுகளில் உடல்நல மதிப்பீட்டின் வரலாறு

கிரேட் அந்தமானிய மொழியில் 'இரத்தம்' என்பதற்குப் பொதுவான ஒரு சொல்லைக் கேட்டுப் பெறுதல் எளிதன்று. அது உடலின் எப்பகுதியிலிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் சொல் முழுமை பெறும். விரலில் கசியும் இரத்தத்திற்கு ஒரு முன்னொட்டு உண்டு. உடலுக்குள்ளே கசியும் இரத்தத்திற்கு வேறொரு முன்னொட்டு. இம்மொழியை 2005 தொடங்கிக் களத்தில் ஆவணப்படுத்தி, 2013இல் அதன் இலக்கணத்தை வெளியிட்ட மொழியியலாளர் அன்விதா அப்பி, அதில் உடல் ஏழு வகுப்புகளாகப் பகுக்கப்படுவதைக் காட்டினார். வாய், வெளித்தெரியும் பெரிய உறுப்புகள், விரல் நகம் போன்ற கடைமுனைகள், உடலிலிருந்து வெளிப்படுவன, உள்ளுறுப்புகள், பாலுறுப்புகள், கால்கள் என்பன அவ்வகுப்புகளின் அடிப்படைகள். இம்முன்னொட்டுகள் பெயர்ச்சொற்களோடு நில்லாமல் வினைகளிலும் பெயரடைகளிலும் ஏறி வருகின்றன. அம்மொழியின் இலக்கணமே உடலை அடித்தளமாகக் கொண்டது.

செவிலியர் கல்வியில் உடல்நல மதிப்பீடு எனப்படும் பாடமும் ஏறத்தாழ இதே கேள்வியில்தான் தொடங்குகிறது. எங்கே, எப்போதிருந்து, எவ்வாறு? நோயாளி சொல்வதைக் கேட்டல், உடலைப் பார்த்தல், தொட்டறிதல், நாடியும் வெப்பமும் மூச்சும் அளத்தல், கிடைத்த குறிப்புகளை இணைத்துப் பொருள் காணல், செய்ய வேண்டியதை முடிவு செய்தல், செய்தபின் விளைவை மீண்டும் நோக்குதல் என்னும் தொடரையே மருத்துவத் தர்க்கம் என்கின்றனர். இத்தொடரின் முதற்கண்ணி நோயாளியின் சொல். தமிழில் வயிற்றுக்குக் கடுப்பு, காலுக்குக் குடைச்சல், பல்லுக்குக் கூச்சம், கண்ணுக்கு உறுத்தல், நெஞ்சுக்குக் கரிப்பு என வலி தன் இயல்பால் பெயர் பெறுகிறது. இவை அனைத்தையும் 'வலி' என்னும் ஒற்றைச் சொல்லாக மாற்றி ஏட்டில் எழுதும்போது, நோயாளி ஏற்கெனவே செய்து தந்த மதிப்பீட்டின் பாதி அழிந்துவிடுகிறது. இரண்டாம் மொழியாகிய இந்தியின் வழியே நோயைச் சொல்ல வேண்டிய ஓங்கே அல்லது ஜாரவாப் பெண்ணுக்கு இவ்விழப்பு இன்னும் பெரிது.

ஆயினும் அந்தமானின் வரலாறு இதைவிடக் கடுமையான ஒரு பாடத்தைத் தருகிறது. மக்களின் மொழியை அறிந்திருந்ததும் அவர்களின் உடலை நுட்பமாக அளந்திருந்ததும் அங்கு அவர்களைக் காக்கவில்லை.

1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் பிரித்தானியர் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் பொறுப்பில் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பட்டது. உணவும் உடையும் உறைவிடமும் மருத்துவமும் அளித்து அந்தமானியரை நட்பாக்குவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. பின்னர் வேறிடங்களிலும் இல்லங்கள் எழுந்தன. காட்டில் சிறு சிறு குழுக்களாகப் பரந்து வாழ்ந்தோர் ஒரே கூரையின்கீழ், தண்டனைக் கைதிகளின் மேற்பார்வையில் சேர்த்து வைக்கப்பட்டனர். 1876இல் அவர்களிடையே மேகநோய் பரவியிருந்தது கண்டறியப்பட்டது. 1877இல் தட்டம்மை வந்தது. இல்லத்திற்கு வந்து திரும்பியோர் நோயைத் தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்கும் கொண்டு சேர்த்தனர். இல்லங்களில் பிறந்த 150 குழந்தைகளுள் ஒன்றுகூட இரண்டு வயதைக் கடந்து வாழவில்லை என்பது இவ்வரலாற்றை எழுதியோர் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டும் செய்தி. 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 1961இல் அவர்கள் 19 பேர் மட்டுமே.

இவ்வீழ்ச்சி அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. இல்லங்களுக்குப் பொறுப்பேற்றிருந்த இ. எச். மேன் 1880களில் அந்தமானியரைப் பற்றி விரிவான இனவரைவியல் நூலை எழுதினார். அவருக்குப் பின் 1879 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பொறுப்போடு தொடர்புற்றிருந்த எம். வி. போர்ட்மன் மொழிக் கையேடுகளையும், 1899இல் இரு தொகுதிகளாலான வரலாற்றையும் வெளியிட்டார். அன்விதா அப்பி பின்னாளில் விளக்கிய உடல் முன்னொட்டுகளை இவ்விருவரும் அன்றே கவனித்திருந்தனர். 1890களில் போர்ட்மன் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்காக அந்தமானியரை முன்னிருந்தும் பக்கவாட்டிலும் நிழற்படம் எடுத்தார். உயரம், எடை, உடல்வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை ஆகியவற்றைப் படிவங்களில் நிரப்பினார். கை கால்களின் புறவரைவுகளைத் தாளில் பதிந்தார்.

இன்று வார்டில் செவிலியர் நிரப்பும் உயிர்க்குறிப்பேட்டில் உள்ள அளவுகள் பலவும் போர்ட்மனின் படிவத்திலும் இருந்தன. அவ்வளவுகளின் பயனை அடைந்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு. மறையப்போகும் ஓர் இனத்தின் பதிவு என்று கருதியே அவை எடுக்கப்பட்டன. அளக்கப்பட்டவரின் நலம் குறித்த எம்முடிவுக்கும் அவை இட்டுச் செல்லவில்லை. மதிப்பீடு இருந்தது, அதை நலமாக்கும் தர்க்கம் இல்லை. நோயைக் கொண்டுவந்தது இல்லம் என்னும் அமைப்பே. அவ்வமைப்பையோ அதை நடத்தியோரையோ பரிசோதிக்கும் கட்டம் எதுவும் அப்படிவத்தில் இல்லை.

அக்கட்டத்தைச் செவிலியத்தில் முதன்முதலாக உரத்து வலியுறுத்தியவர் அந்தமானிலிருந்து மிகத் தொலைவிலுள்ள நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். 1988இல் நடந்த ஒரு கூட்டத்தில், சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்னும் பொருள்பட ஒரு மாவோரி மாணவி வினவினார். அவ்வினாவிலிருந்து வளர்ந்த கருத்தை 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் கல்வித் தேவையாக ஏற்றது. எதிர்ப்பும் பெரிதாக எழுந்து, 1995இல் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை சென்றது. அடுத்தவரின் பழக்கவழக்கங்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதைப் பண்பாட்டுப் பாதுகாப்பென ராம்ஸ்டன் கருதவில்லை. செவிலியர் தம் அதிகாரத்தையும் தாம் வந்த வரலாற்றையும் முதலில் ஆராய வேண்டும் என்றார். பராமரிப்பு பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதைப் பெறுபவருக்கே உரியது என்பது அவர் கருத்தின் மையம். மேனும் போர்ட்மனும் அந்தமானியரின் பழக்கங்களை அறிந்தவர்களே. ராம்ஸ்டனின் அளவுகோலில் அவ்வறிவு தொடக்கமாகக்கூட அமையாது.

இந்த அளவுகோலைக் கொண்டு அந்தமானின் அண்மை வரலாற்றைப் பார்த்தால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. 1996இல் நடு அந்தமானின் கதம்தலாப் பகுதியில் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவன் கண்டெடுக்கப்பட்டு, போர்ட் பிளேரின் ஜி. பி. பந்த் மருத்துவமனையில் சில மாதங்கள் சிகிச்சை பெற்றான். எலும்பு கூடியது, உடல் தேறியது, அவ்வாண்டு அக்டோபரில் தன் மக்களிடம் திரும்பினான். தனி நோயாளி ஒருவனின் அளவில் இது குறையற்ற மருத்துவம். அவனைக் கிடந்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்று எவரும் வாதிட இயலாது. 1997 அக்டோபரில் ஜாரவாக்கள், அதுவரை வில்லும் அம்புமாக எல்லை காத்தவர்கள், பகல் வேளையில் ஆயுதமின்றி வெளியே வரத் தொடங்கினர். இவ்விரு நிகழ்வுகளையும் ஆய்வாளர் பலர் தொடர்புபடுத்துகின்றனர். காட்டின் சுருக்கமும் அந்தமான் பெருஞ்சாலையும் பிற காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. காரணம் எதுவாயினும், தொடர்பு பெருகியபின் 1999இல் தட்டம்மையும் நிமோனியாவும் ஜாரவாக்களைத் தாக்கின. 1877இன் நோய் 122 ஆண்டுகளுக்குப் பின் அதே தீவுக்கூட்டத்தில் மீண்டும் வந்தது.

விளைவு மட்டும் 1877ஐப் போல் அமையவில்லை. அக்காலத்தில் கதம்தலாவில் பணியாற்றி, ஜாரவாக்களிடையே மருத்துவம் செய்த ரத்தன் சந்திர கர் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். எனினும் மருத்துவத் தர்க்கத்திற்கு இங்கு ஒரு புதிய கேள்வி எழுகிறது. நோயாளி என்பவர் யார்? பாடநூலில் அவர் ஒரு தனியுடல். சில நூறு பேர் மட்டுமே கொண்ட, வெளியுலகக் கிருமிகளை முன்பு சந்தித்திராத ஒரு சமூகத்தில், மருத்துவமனையின் நெரிசலான பொதுவார்டில் ஒருவர் கழிக்கும் ஒரு வாரம் முழுச் சமூகத்தின் உடல்நல மதிப்பீட்டில் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியது. ஒருவரை அனுப்புவதா, இருக்குமிடத்திலேயே வைத்துப் பார்ப்பதா என்னும் முடிவில் காய்ச்சலின் அளவோடு, திரும்பும்போது அவர் எதை எடுத்துச் செல்வார் என்பதும் ஒரு குறிப்பாகிறது. 2004 டிசம்பர் 21இல் அறிவிக்கப்பட்ட ஜாரவாக் கொள்கை, அவர்களை வெளிச் சமூகத்தோடு இணைக்க முயலாது, தலையீட்டைக் குறைத்து, தம் வாழ்வைத் தாமே வழிநடத்த விடுவதை முன்வைத்ததன் பின்னணியில் இவ்வரலாறும் உண்டு.

கொள்கை அறிவிக்கப்பட்ட ஐந்தாம் நாள் ஆழிப்பேரலை வந்தது. சிறிய அந்தமான் தீவின் டுகாங் கிரீக்கில் வாழ்ந்த ஓங்கேக்கள் கடல் பின்வாங்கியதைக் கண்டு மேட்டுக்காட்டிற்குச் சென்று உயிர் பிழைத்தனர். 2001 கணக்கெடுப்பில் அவர்கள் 96 பேர். அங்கே 2001 முதல் பணியில் இருந்த துணைச் செவிலியர் சாந்தி தெரசா லக்ரா அவர்களோடு காட்டிலேயே கூடாரமிட்டுத் தங்கிப் பணியைத் தொடர்ந்து, 2006 வரை அங்கிருந்தார். நடு அந்தமானில் பிறந்தவர். சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கென 1918 முதல் கொண்டுவரப்பட்ட மக்களின் வழியில் வந்த ஒராவோன் சமூகத்தினர். 2010இல் தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதையும் 2011இல் பத்மஸ்ரீயையும் பெற்றார்.

அவர் பணியைத் தியாகம் என்னும் சொல்லால் மட்டும் குறிப்பது அதன் தொழில்நுட்பத்தை மறைத்துவிடும். ஓங்கேக்கள் முதலில் அவரை எளிதில் நெருங்கவிடவில்லை. அவர்களது குடில்களுக்குச் சென்று, உடனிருந்து, கருவுற்ற பெண்களின் நம்பிக்கையைப் படிப்படியாகப் பெற்றார். மதிப்பீடு என்பது ஒரு நாளில் ஒரு படிவத்தில் முடியும் செயலாக அங்கு இருக்க முடியாது. ஒரு பெண்ணின் வழக்கமான நடையும் பேச்சும் உணவும் தெரிந்தவருக்கே அவளது இன்றைய சோர்வு ஒரு குறிப்பாகத் தெரியும். ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையோடு பிறந்த குறைப்பிரசவக் குழந்தையைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுசெல்லத் தாயை இணங்கச் செய்ததும், அக்குழந்தை பிழைத்ததும் அவர் பின்னர் நினைவுகூர்ந்த நிகழ்வுகள். நூறு பேருக்கும் குறைந்த ஒரு மக்களினத்தில் ஒரு குழந்தை நூற்றில் ஒரு பங்குக்கும் மேல். அத்தாயின் இணக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்ததன்று. அதற்கு முன்பே உடன் கழித்த காலத்தின் பயன். அந்தமான் இல்லம் மக்களைத் தன்னிடம் வரவழைத்தது. டுகாங் கிரீக்கில் செவிலியர் மக்களிடம் சென்று, அவர்கள் ஏற்கும்வரை காத்திருந்தார். மதிப்பிடுபவரை முதலில் மதிப்பிட்டவர்கள் ஓங்கேக்களே.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய இளநிலைப் பாடத்திட்டத்தில் உடல்நல மதிப்பீடு தனிக்கூறாகவே இடம்பெற்றுள்ளது. பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்னும் நான்கு முறைகளையும் அதில் மாணவர் பயில்வர். அந்தமானில் பணியேற்கும் ஒருவருக்கு அவற்றுக்கும் முன்பாக மூன்று கேள்விகள் தேவை. என் உடலில் இவர்களுக்குத் தீங்கான எதை நான் எடுத்துச் செல்கிறேன்? 2020 ஆகஸ்டில், ஐம்பது பேரளவே எஞ்சியிருந்த கிரேட் அந்தமானியருள் பத்துப் பேருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானபோது இக்கேள்வியின் கனம் மீண்டும் வெளிப்பட்டது. இவர்கள் நோயைச் சொல்லும் சொற்களுள் எதை என் ஏடு இழக்கிறது? நான் இங்கிருந்து எவ்வளவு விரைவில் மாற்றலாகிப் போவேன், அதற்குள் யார் என்னை நம்பத் தொடங்கியிருப்பர்?

மூன்றாவது கேள்விக்கான விடை செவிலியரின் கையில் மட்டும் இல்லை. பணியமர்த்தும் நிர்வாகத்தின் கையிலும் உள்ளது. அதே போல இரண்டாவது கேள்விக்கான விடை மொழியியலாளரின் கடனும் ஆகும். ஓங்கே, ஜாரவா மொழிகளில் உடலுறுப்புகளின் பெயர்ப் பட்டியல்கள் ஆய்வேடுகளில் கிடக்கின்றன. வலியையும் காய்ச்சலையும் கருவையும் அம்மக்கள் எவ்வாறு வகைப்படுத்துகின்றனர் என்பது, பேசுவோரின் ஒப்புதலோடு, சுகாதார நிலையத்தின் மேசைக்கு வந்தாக வேண்டும். போ மொழியின் இறுதிப் பேச்சாளர் எனப்பட்ட போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று இலக்கணத்திலேயே கேட்ட மொழிகளுள் ஒன்று அவரோடு நின்றது. ஓங்கேயும் ஜாரவாவும் இன்றும் குழந்தைகள் பேசும் மொழிகள். அவற்றைக் கேட்டுப் பயிலும் வாய்ப்பு அங்கு பணியேற்கும் ஒவ்வொரு செவிலியருக்கும் இன்னும் இருக்கிறது.