உயரப் பறந்த கேமராக்கள்: ஜெர்மன் வான்வேவுப் பிரிவுகளும் விமானங்களும், 1930–1945

ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயின் வரலாறு பெரும்பாலும் குண்டுவீச்சு விமானங்களையும் சண்டை விமானங்களையும் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. வேவுப் பிரிவுகளுக்குக் கிடைப்பது ஓரிரு பத்திகள்தான். அவற்றைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். விமானமும் கேமராவும் வளர்ந்த வேகத்துக்குப் படங்களை ஆராயும் ஏற்பாடு வளரவில்லை.

முதல் உலகப் போரில் வேவு விமானியாக இருந்த தியோடோர் ரோவெல்லிடமிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்றிருந்த நாளில், அவர் மிக உயரத்தில் பறந்து போலந்தின் எல்லைக் கோட்டைகளைப் படமெடுத்தார். ராணுவ உளவுத்துறையான ஆப்வேர் அவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் அவருடைய பிரிவு, லுஃப்ட்ஹான்சா பயணிகள் விமானம்போல் வேடமிட்ட ஹெய்ங்கல் 111 விமானங்களில் அயல்நாடுகளின் மேல் பறந்தது.

போர் மூண்டபோது வேவுப் பிரிவுகள் இரு வகையாக இருந்தன. அருகு வேவுப் பிரிவுகள் தரைப்படையை ஒட்டியே இயங்கின. அவற்றிடம் இருந்தது இருவர் அமரும் ஹென்ஷெல் 126. தொலைவேவுக்கு முதலில் டோர்னியர் 17, பிறகு யுங்கர்ஸ் 88. ஹென்ஷெல் மெதுவான விமானம். வானம் ஜெர்மனியின் வசம் இருந்தவரை அது பிழைத்தது. கிழக்கு முனையில் அதன் இடத்துக்கு வந்தது, இரட்டை வாலும் கண்ணாடி அறையும் கொண்ட ஃபோக்கே-வுல்ஃப் 189.

எதிரிக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டால் போதும் என்ற எண்ணத்தில் பிறந்தது யுங்கர்ஸ் 86பி. காற்றழுத்தம் காக்கும் அறையில் இருவர், இரண்டு டீசல் எஞ்சின்கள், 12,000 மீட்டருக்கு மேல் பறக்கும் திறன். சோவியத் மீதான படையெடுப்புக்கு முன்பே ரோவெல்லின் விமானங்கள் அந்நாட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தன. 1941 ஏப்ரல் 15 அன்று ஒன்று ரோவ்னோ அருகே தரையிறங்க நேர்ந்தது. கேமரா, பதிவான ஃபிலிம், கிழிந்த சோவியத் நிலப்படம் எல்லாம் அகப்பட்டன. மாஸ்கோ எதிர்ப்புக் கடிதம் அனுப்பியதோடு சரி. உயரம் தந்த பாதுகாப்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1942 ஆகஸ்டில் எகிப்தின் மேல், எடை குறைத்த ஒரு ஸ்பிட்ஃபயர் அந்த உயரத்துக்கே ஏறி ஒரு 86பி-யைச் சுட்டு வீழ்த்தியது.

என் கணிப்பில் பெரிய பலவீனம் தரையில்தான் இருந்தது. வான்படங்களை ஆராய, பிரிட்டன் 1941 முதல் மெட்மனம் மாளிகையில் முப்படையினரையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தியது. அவர்களில் பெண்கள் பலர், தொல்லியலாளர்களும் உண்டு. ஜோடிப் படங்களை ஸ்டீரியோ கண்ணாடியில் வைத்து ஆழம் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. 1943 நவம்பரில் எடுத்த பெனமுண்டே படத்தில், ஏவுமேடையில் நின்ற வி-1 பறக்கும் குண்டை அங்கே பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் கண்டுபிடித்தது இந்தப் பழக்கத்தால்தான். ஜெர்மனியில் மெட்மனத்துக்கு நிகராக ஒன்று உருவாகவில்லை. முன்னேறும் தரைப்படைக்கு அடுத்த பாலம், அடுத்த சாலை பற்றி உடனே சேதி சொல்வதே பிரிவுகளுக்கு முதல் வேலையாக இருந்தது. மின்னல் போருக்கு அது போதும், நெடும்போருக்குப் போதாது.

1944 வசந்தத்தில் தெற்கு இங்கிலாந்தைப் படமெடுத்து மீள்வதே அரிதாகிவிட்டது. நேசநாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி இரண்டு மாதம் ஆகப்போகும் நிலையில், ஜூலை இறுதியில் அராடோ 234 ஜெட் ஒன்று பிரான்சின் ஜுவின்கூருக்கு வந்து சேர்ந்தது. அதற்குச் சக்கரம் இல்லை. தள்ளுவண்டி மேல் ஓடி மேலெழும், சறுக்குக் கட்டைகளில் இறங்கும். தள்ளுவண்டி தரை வழியாக வந்து சேரும்வரை விமானம் கொட்டகையில் கிடந்தது. ஆகஸ்ட் 2 அன்று விமானி எரிக் சோமர் அதில் கிளம்பி ஏறத்தாழ 10,000 மீட்டர் உயரத்தில் கடற்கரை நெடுகப் பறந்தார். 50 செ.மீ. குவியத் தூரம் கொண்ட இரண்டு கேமராக்கள் பக்கத்துக்கொன்றாகச் சாய்த்துப் பொருத்தப்பட்டிருந்தன. நெகட்டிவ் ஒவ்வொன்றும் 30 செ.மீ. சதுரம். ஒன்றரை மணி நேரத்தில் 380 படங்கள். அவற்றை ஆராய்ந்து முதல் அறிக்கை தரப் பன்னிரண்டு பேருக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அமெரிக்கப் படைகள் அவ்ராஞ்சைக் கடந்து பரவிக்கொண்டிருந்தன.

1945இல் அமெரிக்க, பிரிட்டிஷ் குழுக்கள் ஜெர்மன் வான்படங்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுபோயின. அவற்றில் சோவியத் நிலப்பரப்பைக் காட்டிய படங்கள், அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் பறக்கத் தொடங்கும்வரை மேற்கத்திய உளவுத்துறைகளின் மேசையில் இருந்தன.