மூடிய கால்வாய் மீண்ட வரலாறு

கால்வாயைத் தூர்ப்பது எளிது, மீட்பது அரிது. இவ்வுண்மையை இங்கிலாந்தின் ராச்டேல் கால்வாய் நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

மான்செஸ்டரிலிருந்து பெனைன் மலைத்தொடரைக் கடந்து சோவர்பி பிரிட்ஜ் வரை செல்லும் இக்கால்வாய் 1804-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பெற்றது. நீளம் 32 மைல். படகுகள் மலையேறி இறங்க 92 லாக்குகள் அமைக்கப்பட்டன. பருத்தியும் நிலக்கரியும் இதன் வழியே சென்றன. பின்னர் இருப்புப்பாதை வந்தது, வாணிபம் குன்றியது. 1952-இல் சட்டத்தின் வாயிலாகக் கால்வாயின் பெரும்பகுதி மூடப்பட்டது.

பயனற்றதெனக் கருதிய நீர்வழியின் குறுக்கே நெடுஞ்சாலை எழுந்தது. பெயில்ஸ்வொர்த்தில் அதன்மேல் அங்காடியே கட்டப்பட்டது. 1974-இல் தோன்றிய ஆர்வலர் சங்கமும் உள்ளாட்சி மன்றங்களும் மீட்பில் இறங்கியபோது, இத்தடைகள் பெருஞ்செலவாய் எதிர்நின்றன. நெடுஞ்சாலையின் அடியில் பண்ணைக்கென விட்டிருந்த சுரங்கவழியே கால்வாயைத் திருப்ப நேர்ந்தது. சோவர்பி பிரிட்ஜில் இரண்டு லாக்குகளுக்கு ஈடாக ஒரே ஆழ்ந்த லாக்கு அமைந்தது. 2002-இல் படகுகள் மீண்டும் முழுவழியும் சென்றன.

மூடுவதற்கு ஒரு தீர்மானம் போதியதாயிற்று. திறப்பதற்கோ ஒரு தலைமுறைக்காலம் தேவைப்பட்டது. நாம் எந்நகரில் வாழ்ந்தாலும், அந்நகர மன்றம் நீர்வழியொன்றைத் தூர்க்க முனையும் நாளில் இவ்வரலாற்றை நினைவுகூர்வது நம் கடமையாகும்.