கிராமத்துக் கதைகளின் வசீகரம்

கிராமத்தைப் பற்றிய சிறுகதைகள் நம்மை ஏன் இவ்வளவு எளிதில் வசப்படுத்துகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் ஏக்கத்தையே காரணமாகச் சொல்வார்கள். விட்டுவந்த ஊர், தூர்ந்துபோன கண்மாய், இடிந்த திண்ணை. இது பொய்யான பதில் அன்று. ஆனால் போதாத பதில். இந்தியச் சிறுகதையின் வரலாற்றைச் சற்றே புரட்டினால், அதன் சிறந்த கிராமத்துக் கதைகளில் ஏக்கத்துக்கு இடம் மிகக் குறைவு என்பது தெரியவரும்.

தொடக்கத்தில் தாகூர் இருக்கிறார். குடும்ப நிலங்களை மேற்பார்வையிடக் கிழக்கு வங்காளத்தின் ஷிலைதஹா பகுதிக்குச் சென்ற அவர், பத்மா நதியில் படகு வீட்டிலிருந்தபடி கரையோர வாழ்க்கையைக் கண்டார். 1891இல் ‘ஹிதவாதி’ இதழில் வெளியான ‘போஸ்ட்மாஸ்டர்’ அந்த நாட்களின் விளைச்சல். கல்கத்தாவிலிருந்து குக்கிராமத்துக்கு வேலைக்கு வரும் இளைஞன், அவனுக்கு வீட்டுவேலை செய்யும் அநாதைச் சிறுமி ரதன். அவன் பொழுதுபோக்காக எழுத்துக் கற்றுக்கொடுக்கிறான். அவள் அதை உறவாக எடுத்துக்கொள்கிறாள். ஒருநாள் அவன் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். கதை அவ்வளவுதான். தாகூர் தாம் வெளியிலிருந்து வந்தவர் என்பதை மறைக்கவில்லை. தம்மைப் போன்ற வெளியாள் ஒருவன் செய்துவிட்டுப் போகும் காயத்தையே கதையாக்கினார். படகு நகர்ந்துவிடும், கரை அங்கேயே நிற்கும் என்ற உணர்வு அக்கதை முழுவதும் இருக்கிறது.

பிரேம்சந்தோடு பார்வை கரையிறங்குகிறது. காசிக்கு அருகிலுள்ள லம்ஹி கிராமத்தில் 1880இல் பிறந்தவர். அஞ்சலக எழுத்தரின் மகன். அவருடைய கதைகளில் நிலவும் நதியும் பின்னுக்குப் போய், கடனும் குளிரும் முன்னே வருகின்றன. 1930இல் எழுதிய ‘பூஸ் கீ ராத்’ கதையில், கம்பளி வாங்கச் சேர்த்துவைத்த மூன்று ரூபாய் கடன்காரன் கைக்குப் போய்விடுகிறது. பூஸ் மாதக் குளிரில் ஹல்கு தன் நாயைக் கட்டியணைத்தபடி வயலைக் காவல் காக்கிறான். விலங்குகள் பயிரை மேய்ந்து அழிக்கின்றன. மறுநாள் மனைவி கலங்கி நிற்க, இனி இந்தக் குளிரில் இங்கே படுக்க வேண்டியதில்லை என்று அவன் மகிழ்கிறான். விவசாயியின் மீது அனுதாபம் காட்டும் கதைகள் எத்தனையோ உண்டு. அவனுடைய இந்த விநோதமான நிம்மதியைக் கண்டு எழுதப் பிரேம்சந்தால்தான் முடிந்தது.

தமிழில் இந்தப் பார்வை வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்தது. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்ற சிற்றூர். அதில் பிறந்து நண்பர்களாக வளர்ந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், தீபாவளிக்கு முந்தைய இரவு ஏழை வீட்டு வாசலில் ஓர் அநாதைச் சிறுவன் வந்து நிற்கிறான். அந்தத் தாய் அவனைக் குளிப்பாட்டி, கணவனுக்கென வாங்கிய துண்டை அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறாள். அவன் பெயர் ராஜா. ஊர்ப் பெரிய வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளையான ராஜா வந்திருக்கும் அதே நாளில், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று அந்த வீட்டுச் சிறுமி பெருமையோடு சொல்கிறாள்.

கி.ரா.வின் ‘கதவு’ இன்னும் கடுமையானது. பிள்ளைகள் ஏறி ஆடி விளையாடும் பழைய கதவு அது. தீர்வை பாக்கிக்காக அதைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். கதவில்லாத வீட்டில் வாடை புகுந்து கைக்குழந்தை இறக்கிறது. பிறகு எங்கோ கிடக்கும் அந்தக் கதவைக் கண்டுபிடித்த பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஜப்தி என்ற சொல் அரசாங்க ஏட்டில் வெறும் நடவடிக்கை. அது ஒரு வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை இக்கதை சொல்லிவிடுகிறது.

பார்வையோடு மொழியும் இறங்கி வந்திருக்கிறது. தாகூரின் தொடக்கக் கதைகள் எழுத்து நடையான சாது வங்காளத்தில் அமைந்தவை. பிரேம்சந்த் பேச்சுக்கு நெருக்கமான எளிய ஹிந்தியைக் கையாண்டார். கி.ரா.வோ பாத்திரங்களின் வாயில் மட்டுமன்றிக் கதைசொல்லியின் வாயிலும் கரிசல் பேச்சை வைத்தார். அச்சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் கொண்டுவந்தார்.

கம்பளி, துண்டு, கதவு. இக்கதைகளில் வருபவை இவ்வளவு சின்னப் பொருள்கள்தாம். இருப்பது ஒன்றே ஒன்று என்னும்போது அதன் கனம் கூடிவிடுகிறது. வசீகரம் அந்தக் கனத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஊர் நினைவின் இனிமைக்காக மட்டும் இவற்றைப் படித்தால், பிள்ளைகள் கதவில் ஆடிய ஆட்டம் நினைவில் நிற்கும். அந்த வீட்டுக்குள் புகுந்த வாடை மறந்துபோகும். கி.ரா. 2021இல் மறைந்தார். ‘கதவு’ கதையை முன்பே படித்தவர்கள், இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம்.