கல்லும் காரையும்
தென்காசி, குற்றாலப் பகுதிக் கட்டுமானக் கலையின் வரலாறு

மனை வகுப்போரையும் புலவர் என்று அழைத்த மொழி தமிழ். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனையைக் கூறவந்த நக்கீரர், இரு கோல்களை நட்டு, அவற்றின் நிழல் கொண்டு ஞாயிற்றின் போக்கை அறிந்து, திசை பிறழாமல் கயிறு பிடித்தவர்களை நூல் கற்ற புலவர் என்றே சுட்டுகிறார். சொல்லை அளந்து அடுக்குவோனுக்கும் கல்லை அளந்து அடுக்குவோனுக்கும் ஒரே பெயர் வழங்கிய அந்த மரபு, பிற்காலப் பாண்டியர் ஆண்ட தென்காசிச் சீமையில் எவ்வாறு வளர்ந்தது, எவ்விடத்தில் தளர்ந்தது என்பது இலக்கிய அன்பர்களும் அறிய வேண்டிய செய்தியாகும்.

தென்காசியின் கட்டடங்களை அறிய முதலில் அதன் காற்றையும் நீரையும் அறிய வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து ஆனி, ஆடி மாதங்களில் சாரலாய்ப் பொழிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் வெயில் காய்கிறது. ஆண்டில் பலமுறை நனைந்து உலரும் சுவருக்கு வலிமை மட்டும் போதாது. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற்றும் இயல்பும் வேண்டும். இப்பகுதிக் கொத்தர்கள் பல நூற்றாண்டுகளாக விடை கண்டு வந்தது இக்கேள்விக்கே.

பாண்டியன் எடுத்த கோபுரம்

அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். இராசகோபுரப் பணி அவன் காலத்தில் தொடங்கி, 1463-இல் அவன் மறைந்தபின் தம்பி குலசேகர பாண்டியனால் நிறைவு பெற்றது.

தென்னாட்டுக் கோபுரம் இருவகைப் பொருளால் ஆவது. அடிப்பகுதி கருங்கல். அங்கே கற்களைப் பிணைப்பது சாந்து அன்று. அவற்றின் எடையும் பொருத்தமுமே. அதன்மேல் எழும் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. மேலே செல்லச் செல்ல அளவு குறுகும். நடுவே வெற்றிடம் இருக்கும். நிலைதோறும் மர உத்தரங்கள் தளத்தைத் தாங்கும். இதனால் உயரம் கூடினாலும் அடித்தளத்தின்மேல் ஏறும் பாரம் அளவோடு நிற்கிறது. ஆனால் அந்த மரமே கோபுரத்தின் மெலிவுமாகும். தீயும் கறையானும் முதலில் தேடுவது அதனைத்தான்.

பராக்கிரமன் இதனை உணர்ந்தவன் போலும். அவன் பாடியனவாக இக்கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள தமிழ்ப் பாடல்கள் கட்டட வரலாற்றில் அரிய ஆவணங்கள். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்து, அதனைச் சீர்செய்வோர் எவராயினும், அவர்தம் அடிகளில் தான் பணிவதாக அவன் அவற்றில் கூறுகிறான். வென்ற நாடுகளையும் கொடுத்த கொடைகளையும் கல்லில் வெட்டிய மன்னர் பலர். தன் கட்டடம் ஒருநாள் பழுதுறும் என்று ஒப்புக்கொண்டு, இன்னும் பிறவாத கொத்தனின் காலில் முடி தாழ்த்திய மன்னன் அரியன்.

அவன் அஞ்சியது நடந்தது. கோபுரம் பின்னாளில் சிதைந்து, மேல்நிலைகளை இழந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது. சிவந்தி ஆதித்தனாரின் பொருளுதவியால் மீண்டும் எழுப்பப்பட்டு, 1990-இல் குடமுழுக்குக் கண்டது. இன்று ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயர்ந்து நிற்கிறது. 2025 ஏப்ரலிலும் இக்கோயிலில் குடமுழுக்கு நடைபெற்றது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாடிய வேண்டுகோள் இன்றும் கேட்கப்படுகிறது என்பதற்கு இவையே சான்று.

காரை என்னும் கலை

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். எஞ்சிய சுட்ட கல்லில் நீர் வார்த்தால் அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலுடன் கலந்து, செக்கில் இட்டு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்ப்பர். சுவரில் ஏறிய காரை, தான் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து சிறுகச் சிறுக மீட்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லாய்ப் பிறந்து, நீறாகி, மீண்டும் கல்லாகும் இம்மாற்றம் முற்றுப்பெற மாதங்கள் ஆகும். கனத்த சுவரில் ஆண்டுகளும் ஆகும். ஆகவே காரை வேலைக்குப் பொறுமையே முதல்.

இக்காரையின் மெல்லிய வடிவத்தைக் குற்றாலத்துச் சித்திர சபையில் காணலாம். கூத்தப்பெருமானின் ஐம்பெரும் சபைகளுள் ஒன்றாகிய இங்கு இறைவன் ஓவிய வடிவில் எழுந்தருளியுள்ளான். சபையின் சுவர்களும் ஓவியங்களால் நிறைந்தவை. சுவரின் மேற்பூச்சே ஓவியனுக்குத் துணியாகிறது. அருவிகளுக்கு அண்மையில், ஈரம் மிகுந்த காற்றில், வண்ணம் சுவரைப் பற்றி நிற்க வேண்டுமாயின் பூச்சு மூச்சுவிட வேண்டும். கொத்தனின் கைத்திறம் தவறினால் ஓவியனின் கைத்திறமும் உதிர்ந்துவிடும்.

மட்டப்பாவும் தொட்டிக்கட்டும்

கோயிலில் பயின்ற கை வீட்டிலும் இயங்கியது. நெல்லைச் சீமையின் பழைய வீட்டில் தார்சா, பட்டாசல், அரங்கு, இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் எனக் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் நீளும். வசதி உடையோர் மேலே மட்டப்பா அமைத்தனர். மரக்கட்டைகளை வரிசையாய்ப் பரப்பி, அவற்றின்மேல் செங்கற்களைச் சாய்கோணத்தில் குத்துவாட்டில் நிறுத்திக் காரையால் பிணைத்து, செங்கல் உடைப்பும் சுண்ணாம்பும் கலந்த கலவையை அதன்மேல் கொட்டுவர். பின்னர் பெண்கள் வரிசையாய் அமர்ந்து, கடுக்காய் நீர் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். மழை ஒழுகாத அத்தளத்தின் உறுதி சுண்ணாம்பினுடையது மட்டுமன்று. தாளம் பிசகாத அக்கைகளினுடையதுமாகும்.

வீட்டின் அமைப்பு இலக்கியத்திற்கும் பெயர் தந்தது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் (1882–1954) திருநெல்வேலி இல்லத்தில் வட்டமான தொட்டிக்கட்டில் அன்பர்கள் கூடிக் கவிதை நயம் துய்த்தனர். அந்தக் கூட்டமே ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. பின்னர் ரசிகமணி குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் அப்பெயர் அவரைத் தொடர்ந்தது. ஒரு முற்றத்தின் வடிவம் ஓர் இலக்கிய இயக்கத்தின் பெயரானதற்கு இதனினும் சிறந்த சான்று காட்டல் அரிது.

இருப்புப் பாதையும் சிமெண்டும்

1904-ஆம் ஆண்டு இப்பகுதிக்கு ஒரு திருப்புமுனை. செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து கொல்லம் செல்லும் இருப்புப் பாதை அவ்வாண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையில் கழுத்துருட்டியில் உள்ள பதின்மூன்று கண் பாலம் கருங்கல் வளைவுகளால் ஆனது. மீட்டர் பாதைக்கெனக் கட்டிய அப்பாலம், வலுவூட்டப்பட்டு, 2018 முதல் அகலப் பாதை வண்டிகளையும் தாங்கி நிற்கிறது. மங்களூரில் 1860-களில் பாசல் மிஷனார் தொடங்கிய ஓட்டுத் தொழில், கூரைக்கு அளவு மாறாத சீமை ஓட்டைத் தந்து நாட்டு ஓட்டின் இடத்தைக் கைக்கொண்டது.

இங்கிலாந்தில் 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டை இந்தியாவில் உண்டாக்கும் முதல் முயற்சி, அதே 1904-இல் சென்னையில் நடந்தது. நெல்லையை அடுத்த தாழையூத்தில் 1949-இல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை இயங்கத் தொடங்கியது. காரைக்குரிய அதே சுண்ணாம்புக் கல்லே அங்கும் மூலப்பொருள். ஆனால் களிமண்ணுடன் சேர்த்து மிகுந்த வெப்பத்தில் சுடுவதால் அதன் குணம் மாறுகிறது. சிமெண்ட் காற்றுக்குக் காத்திராமல் நீரோடு கூடி, சில மணி நேரத்தில் இறுகுகிறது. மாதக்கணக்கான வேலை நாள்கணக்கில் முடிந்தது. இரும்புக் கம்பியோடு இணைந்தபோது, மரமின்றியே அகன்ற தளம் இடவும் மாடிமேல் மாடி அடுக்கவும் முடிந்தது. எளியோரும் உறுதியான கூரையின்கீழ் உறங்க வழி பிறந்தது. இது சிறு நன்மையன்று. குற்றாலத்தின் விடுதிகளும் தென்காசியின் கடைவீதிகளும் இம்முறையில் எழுந்தவையே. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபின் இத்தகைய கட்டடங்களின் தேவை மேலும் வளர்ந்துள்ளது.

எனினும் சாரல் தன் கேள்வியை விடவில்லை. காங்கிரீட்டின் நுண்வெடிப்புகளில் புகும் ஈரம் கம்பியைத் துருவேற்றுகிறது. துரு பருத்துத் தளத்தைப் பிளக்கிறது. அதனினும் கொடியது, பழைய காரைச் சுவரைச் சிமெண்டால் பூசும் வழக்கம். வெளியேற வழியற்ற ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைக் கிளப்பி, செங்கல்லை அரிக்கிறது. சீர்செய்யும் கை அறியாமலே சிதைக்கும் கையாகிவிடுகிறது. பராக்கிரமன் பணிந்தது இத்தகைய கைக்கன்று.

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) ஒரு நடுவழி காட்டினார். சுவருக்குள் வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்கும் முறையும், காங்கிரீட் தளத்தின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைக்கும் முறையும் அவர் பரப்பியவை. பழமையைப் போற்றுதல் புதுமையைத் தள்ளுதல் ஆகாது; எப்பொருள் எவ்விடத்திற்கு உரியது என்று தேர்தலே அறிவு. யாப்பறிந்த கவிஞனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

காரை அரைத்த செக்குகள் ஓய்ந்துவிட்டன. மட்டப்பா தட்டிய கைகளும் அருகி வருகின்றன. கையோடு சொல்லும் போகும். கரணை, தூக்குக்குண்டு, மூலைமட்டம், தார்சா, பட்டாசல், மட்டப்பா என்னும் சொற்களை அவற்றின் பொருள் அறிந்த முதிய கொத்தர்களிடமிருந்து கேட்டுப் பதிந்து வைத்தல் இலக்கிய அமைப்புகள் ஏற்கத்தக்க பணியாகும். கோபுரத்தைக் காக்கும் பொறுப்பைப் பாண்டியன் கவிதையிடம் ஒப்படைத்தான். கல் வீழ்ந்தபோதும் அக்கவிதை வீழவில்லை. மீண்டும் கல்லை எழுப்பியது. கட்டடக் கலையின் சொற்களைக் காக்கும் பொறுப்பு இன்று கவிஞர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.